ஆட்டிசமுள்ள சின்னப் பிள்ளைக்குப் பயிற்சி: மையமா, திருவனந்தபுரமா, வீடா?

மூன்று வயதுப் பிள்ளை ஒரு நாளில் 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 84 மணி நேரம். நாகர்கோவிலில் ஒரு தெரபி மையத்தில் வாரம் 3 செஷன், ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் மொத்தம் 2 மணி 15 நிமிடம். விழித்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. குளச்சல் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு அந்த இரண்டேகால் மணி நேரத்துக்காகப் பஸ்ஸிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஆறு மணி நேரம் போய்விடும்.

"எந்த மையம் நல்ல மையம்?" என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். மிச்சம் 81 மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வழி சொல்லித் தருவது எது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ஒவ்வொரு வழியையும் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறோம்.

முதலில் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, காது பரிசோதனை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு ஆட்டிசம் என்று முடிவுகட்டும் முன்னால், கேட்கிறதா என்று பெரா மாதிரியான பரிசோதனையில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு, முறையான மதிப்பீடு. 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற படிவம் உண்டு. அது சந்தேகத்தை மட்டும் காட்டும், ஆட்டிசம் என்று உறுதி செய்யாது. மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்கும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். கீழே சொல்லும் வீட்டுப் பயிற்சியை இன்றைக்கே தொடங்கலாம். ஆட்டிசம் இல்லை என்று பின்னால் தெரிந்தாலும் பேச்சு தாமதமான பிள்ளைக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆசாரிப்பள்ளம்

குமரி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கேதான். அதன் தொடக்கநிலை இடையீட்டு மையம், டி.இ.ஐ.சி. என்று சொல்வது, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் இடம், கட்டணம் இல்லாத வழி. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தில் வந்தது. அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு தடவை வரும். அங்கே குழு எழுதித் தரும் சீட்டோடும் போகலாம், நேராகவும் போகலாம். குழந்தை மருத்துவர், காது, கண் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய சௌகரியம். வலிப்பு இருக்கும் பிள்ளைக்கு, பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்ட பிள்ளைக்கு, முதலில் போக வேண்டிய இடம் இதுபோன்ற மருத்துவமனைதான், தெரபி மையம் அல்ல.

குறை என்று பார்த்தால், பிள்ளைகள் அதிகம், கைகள் குறைவு. வாரத்தில் பல மணி நேரப் பயிற்சியை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆகவே போகும்போது "பயிற்சி கொடுங்க" என்று கேட்பதைவிட, "இந்த மாசம் வீட்டில் எதைச் சொல்லிக்கொடுக்கணும், எப்படிச் சொல்லிக்கொடுக்கணும், ஒரு தடவை செய்து காட்டுங்க" என்று கேட்பது மேல். பத்து நிமிடம் கிடைத்தாலும் அது உருப்படியான பத்து நிமிடம்.

தனியார் மையம்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று இப்போது பெயர்ப்பலகைகள் கூடியிருக்கின்றன. நல்லதும் உண்டு, டியூஷன் சென்டரை இரண்டு பந்து வாங்கிப்போட்டு மாற்றியதும் உண்டு. பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: "செஷனில் நானும் உட்காரலாமா?"

"அம்மா இருந்தால் பிள்ளை அழும், அடம் பிடிக்கும்" என்று பதில் வரும். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு அதில் நியாயம் உண்டு. மூன்றாவது வாரமும் கதவு சாத்தியே இருந்தால் வேறு இடம் பாருங்கள். பிள்ளை தெரபிஸ்டிடம் கற்றதை அம்மாவிடம் செய்யாது. ஆட்டிசத்தில் இதுதான் சிக்கலே. நீல நாற்காலியில், அந்த அறையில், அந்த ஆளிடம் கற்றது அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கு அதைக் கொண்டுவர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் செஷனைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, செஷன் எடுப்பது யார் என்று பாருங்கள். வாசலில் போட்டிருக்கும் பெயர் ஒருவருடையதாகவும், உள்ளே உட்கார்ந்திருப்பது மூன்று மாதம் பழகிய உதவியாளராகவும் இருப்பது சர்வசாதாரணம். ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிகல் சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் மூவருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். கேட்டால் தயங்காமல் காட்ட வேண்டும். ஓ.டி. எனும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் (அன்றாடக் காரியங்களுக்குப் பழக்குபவர்கள்) அந்தக் கவுன்சிலின் கீழ் வரமாட்டார்கள், அவர்களிடம் பட்டச் சான்றிதழைக் கேளுங்கள்.

மொழியைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் "தா", "வா", "உக்காரு" என்று கேட்கிற பிள்ளைக்கு மையத்தில் 'கிவ் மீ', 'சிட் டவுன்' என்று ஓடுகிறது. பிள்ளை இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் அதிகமாகாது, பேச்சும் கெடாது. அந்தப் பயத்தில் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறுவதுதான் தப்பு. முதல் இருபது வார்த்தையையும் பாட்டி சொல்கிற மாதிரியே சொல்லிக்கொடுக்கும்படி எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

ஆறு மாதத்தில் குணமாகும் என்று வாக்குக் கொடுப்பவர், மொத்தப் பணத்தையும் முன்னால் கேட்பவர், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நோட்டைத் திறப்பவர், பெல்ட் போட்ட நாற்காலியில் உட்காரவைப்பவர், இவர்களோடு பேச்சை வளர்க்கவே வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது சொன்னால், ஆட்டிசத்துக்கு அதைக் கொடுப்பது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

திருவனந்தபுரம்

மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் தூரம் இல்லை. ஆக்குளத்தில் இருக்கும், பேச்சு, செவித்திறனுக்கான நிஷ் நிறுவனம், மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சி மையம் போன்ற இடங்களில் பல துறையினர் சேர்ந்து பிள்ளையைப் பார்ப்பார்கள். விளவங்கோடு பக்கத்து வீடுகளுக்கு மலையாளம் பிரச்சினை இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி.

வாரா வாரம் போவதற்கு இது ஏற்ற வழி அல்ல. நாகர்கோவிலில் இருந்து ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கூட்டமும் ஹாரன் சத்தமும் தாங்காத பிள்ளை, அறைக்குள் போகும்போதே களைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மதிப்பீட்டுக்கும் திட்டம் போட்டு வாங்குவதற்கும் போங்கள். போகும்போது போனில் மூன்று வீடியோ எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, கோபம் வந்து கத்தும்போது. புது இடத்தில் பிள்ளை காட்டுகிற முகமே வேறு. வீட்டில் எப்படி இருக்கிறது என்பது வீடியோவில்தான் தெரியும். சென்னை முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டுக்குப் போவதாக இருந்தாலும் இதே யோசனைதான்.

வீடு

குடும்பத்தை மையமாக வைத்த பிகேவியர் தெரபி என்று சொல்வது, அம்மாவைச் சம்பளமில்லாத தெரபிஸ்ட் ஆக்குவதல்ல. குளியல், சாப்பாடு, துணி மாற்றுவது, கடைக்குப் போவது என்று எப்படியும் நடக்கிற காரியங்களுக்குள் பயிற்சியை நுழைப்பது. பயிற்சி முறை தெரிந்த ஒருவர் வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ வந்து, அல்லது வீடியோ காலில், நீங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துவார். பிள்ளையோடு உட்காருவது நீங்கள்.

இதற்கு ஆதாரம் உண்டா? இங்கிலாந்தில் 152 பிள்ளைகளோடு நடந்த பேக்ட் என்ற ஆய்வு 2010-ல் வெளியானது. பெற்றோர் தம் பிள்ளையோடு விளையாடும் வீடியோவைத் தெரபிஸ்டோடு உட்கார்ந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் முறை அது. அப்போது ஆட்டிச அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏறக்குறைய ஆறு வருஷம் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குழுவில் அறிகுறிகள் மற்றக் குழுவைவிடக் குறைவாக இருந்தன. அதே முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்றபடி மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு செய்துபார்த்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து பேசுவது கூடியது, பிள்ளை தானாக முன்வந்து தெரிவிப்பதும் கூடியது. உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு 9 குழு வகுப்பு, 3 வீட்டு வருகை என்று ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது.

ஏ.பி.ஏ. என்பது நடத்தையைப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி. "வாரம் 40 மணி நேரம் ஏ.பி.ஏ. கொடுத்தால்தான் பலன்" என்று சொல்பவர்கள் 1987-ல் லோவாஸ் வெளியிட்ட ஆய்வைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அதில் அந்த அளவு பயிற்சி பெற்றவர்கள் 19 பிள்ளைகள். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வும் அல்ல. அதட்டலும் தொடையில் அடியும் அந்தக் கால முறையில் இருந்தன. அதை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இப்போதுள்ள முறைகள் விளையாட்டோடு சேர்ந்தவை. கை உதறுவதை நிறுத்து, கண்ணைப் பார் என்று வற்புறுத்துவதையும் நல்ல தெரபிஸ்டுகள் விட்டுவிட்டார்கள். கை உதறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

வீட்டுப் பயிற்சி எப்படி இருக்கும் என்று ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பேச்சு வராத பிள்ளைக்கு "கேட்பது", அதாவது வேண்டியதைத் தரச் சொல்வது, என்பதைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஒரு மட்டிப் பழத்தை உரித்து ஆறு துண்டாக நறுக்கி, உள்ளே தெரிகிற, மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். நேரம் சாயங்காலம் நாலு மணி, சாயாவுக்கு முன்னால். மத்தியானச் சோறு தின்ற வயிற்றுக்குப் பழத்தில் ஆசை இருக்காது. டப்பாவைத் தரையில் வைத்து எதிரே உட்காருங்கள். பிள்ளை உங்கள் கையைப் பிடித்து டப்பாமேல் வைக்கும். இப்போது பேசாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஒன்றும் வராவிட்டால் "தா" என்று ஒரே ஒரு தடவை சொல்லி, உள்ளங்கையை நீட்டிக் காட்டுங்கள். மறுபடியும் ஐந்து. அப்போதும் இல்லை என்றால் பிள்ளையின் கையை மெல்லப் பிடித்து அதே மாதிரி நீட்டவையுங்கள். கை நீண்ட அந்தக் கணமே "தா! பழம்" என்று சொல்லி ஒரு துண்டு. ஆறு துண்டு, ஆறு வாய்ப்பு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அடுத்தடுத்த நாள் உதவியைக் குறைக்க வேண்டும். முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு பார்வை மட்டும். பத்துக்கு எட்டு தடவை தானாகக் கை நீட்டுவது மூன்று நாள் தொடர்ந்து நடந்தால், ஆளை மாற்றுங்கள்: பாட்டி உட்காரட்டும். பிறகு இடம்: அடுக்களையில் இருந்து திண்ணைக்கு. பிறகு பொருள்: பப்படம், பந்து, ஊஞ்சல். இந்த மூன்றும் மாறாவிட்டால் பிள்ளை கற்றது "கேட்பது" அல்ல, "டப்பா விளையாட்டு".

எங்கே கெட்டுப்போகும்? பெரும்பாலும் நம் வாயால். "பழம் வேணுமா மக்ளே? பழம் சொல்லு, சொன்னாத் தருவேன், சொல்லு மக்ளே, பழம்…" இத்தனை சொல்லில் எது தனக்கான சொல் என்று பிள்ளை எப்படிப் பொறுக்கி எடுக்கும்? அடுத்தது, சத்தம் வந்தால்தான் தருவேன் என்று துண்டை உயரத்தில் பிடிப்பது. அது பயிற்சி அல்ல, பந்தயம். கை நீட்டினால் அதுவும் பேச்சுதான். படத்தைக் கொடுத்துக் கேட்பதும், சென்னையில் உருவாகித் தமிழிலும் கிடைக்கும் ஆவாஸ் போன்ற செயலியைத் தொட்டுக் கேட்பதும் அப்படியே. படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்பது வீண் பயம்.

கத்தல், தரையில் புரளல் எல்லாம் வேறு கணக்கு. ஒரு நோட்டில் மூன்று கோடு போட்டு ஒரு வாரம் எழுதுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே நாம் என்ன செய்தோம். காரணம் பொதுவாக நாலில் ஒன்றாக இருக்கும்: ஒரு பொருள் வேண்டும், ஒரு வேலையில் இருந்து தப்ப வேண்டும், யாராவது பார்க்க வேண்டும், அல்லது உடம்புக்கே அது தேவை. கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது கத்துவதும் பெட்டிக்கடை வாசலில் கத்துவதும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவதுக்கு வெந்நீரும் கப்பைப் பிள்ளையின் கையிலேயே கொடுப்பதும் போதும். இரண்டாவதுக்கு அது உதவாது.

பெட்டிக்கடையில் ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டுக்காகக் கத்துகிறது, நாம் வாங்கிக் கொடுத்தே பழக்கிவிட்டோம் என்று வையுங்கள். இனி கத்தினால் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால், முதல் சில நாள் கத்தல் கூடும், நீளும். முறை தப்பு என்பதற்கு அது அறிகுறி அல்ல, எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆனால் நாலாவது நாள் ஊர் பார்க்கிறதே என்று தாத்தா ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பழைய நிலையைவிட மோசம். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை அதைத் தொடங்கவே வேண்டாம். அதுவரை அந்தக் கடைவழி போகாமல் இருங்கள். வீட்டில் "தா" பழகிய பிறகு கடை வாசலில் கத்தலுக்கு முன்னாலேயே கை நீட்டவைத்து, கேட்டதற்காகச் சின்னப் பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். அடி, மிளகாய், இருட்டறை எதுவும் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

வீட்டு வழியின் விலை பணமாகத் தெரியாது. அத்தனையும் அம்மாவின் தலையில் விழும். அப்பா வளைகுடாவில், அல்லது தூத்தூர்ப் பக்கத்து வீடுகளில் வாரக்கணக்கில் ஆழ்கடலில். அம்மா விடியற்காலை ரப்பர் வெட்டப் போகிறவராகவும் இருக்கலாம். யார் எந்த நேரம் என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். காலை பல் தேய்ப்பதும் உடுப்பு மாற்றுவதும் பாட்டி, நாலு மணி டப்பா அம்மா. கடலில் இருந்து வந்த அப்பாவுக்குப் புது வேலை வேண்டாம், தினம் 15 நிமிடம் தூக்கிச் சுற்றும் விளையாட்டு, நடுவில் நிறுத்தி "இன்னும்" என்பதற்காக ஐந்து எண்ணிக் காத்திருப்பது. ஒரே நேரத்தில் மூன்று இலக்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

எதை எடுப்பது

பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் சிபாரிசு இது: அடித்தளம் வீடு. அதைத் திருத்த, பதிவு எண் உள்ள ஒருவரிடம் வாரம் ஒரு செஷன், நீங்களும் உட்கார்ந்து. மருத்துவத்துக்கும் சான்றிதழுக்கும் ஆசாரிப்பள்ளம். கையில் பணமும் பக்கத்தில் ஆளும் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருவனந்தபுரம். வாரம் மூன்று செஷனுக்குப் போகிற பணத்தை ஒன்றாகக் குறைத்தால், மிச்சத்தில் வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் ஒரு மணி நேரம் மீளும். சில வீட்டில் அதுவே பெரிய தெரபி.

விலக்குகளும் உண்டு. தலையைச் சுவரில் முட்டிக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, மண்ணும் பெயிண்டும் தின்னும் பிள்ளை, மூன்று நாலு பொருளைத் தவிர எதையும் தொடாமல் எடை ஏறாத பிள்ளை, இவர்களுக்கு வீட்டில் தனியாக முயற்சி செய்ய வேண்டாம். நேரடி நிபுணர் மேற்பார்வை வேண்டும், அதற்காகத் தூரம் போவதும் சரி. அம்மா தூக்கமில்லாமல், அழுகையோடு, தனியாக இருக்கும் வீட்டுக்கும் வீட்டுப் பயிற்சி முதல் வழி அல்ல. அங்கே மையத்தின் 45 நிமிடம் அம்மா மூச்சுவிடும் நேரம். அதற்காகப் பணம் கொடுப்பதில் தப்பில்லை.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு. சான்றிதழுக்கு, ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும் 40 கேள்விகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோல் பார்ப்பார்கள், 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்த பிறகு, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுக்கு எழுதிப்போடலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதற்குள் ஓர் உச்சவரம்பு உண்டு. ரசீது இல்லாத மையத்தின் பணம் திரும்ப வராது, ஆகவே முதல் நாளில் இருந்தே ரசீது வாங்குங்கள்.

எந்த வழியானாலும் 12 வாரம் கொடுங்கள். முதல் வாரமும் கடைசி வாரமும் அதே மூன்று வீடியோ, இரண்டிரண்டு நிமிடம். யாரும் தூண்டாமல் பிள்ளை எத்தனை தடவை கேட்டது, காட்டியது, திரும்பிப் பார்த்தது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: கொடுக்கிற பொருள் பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்ததா, இலக்கு ஒரு படி பெரிதாகிவிட்டதா, ஒரு நாளைக்கு எத்தனை வாய்ப்பு உண்மையில் நடந்தது. மையத்தை மாற்றுவது அதற்கும் அடுத்தது.